விறகுத் தீயில் திரிந்த ஃபாண்டூவை மீட்ட விதம்

சுவிட்சர்லாந்தின் ஃபிரிபூர் மலைப்பகுதியில் கூடாரம் அடித்துத் தங்கிய இரவில், ரொட்டித் துண்டுகளைத் தோய்த்து உண்ணும் உருக்கிய சீஸ் குழம்பான ஃபாண்டூவை நால்வருக்கெனச் செய்ய, 400 கிராம் க்ரூயேர் சீஸையும் 400 கிராம் வாஷ்ரான் சீஸையும் துருவி, வெள்ளை ஒயின் ஊற்றிய இரும்புச் சட்டியில் இட்டு, கொழுந்துவிட்டு எரிந்த விறகின் மேல் வைத்தேன். சில நிமிடங்களில் நெய் தனியாக மேலே மிதந்தது; அடியில் சீஸ் ரப்பர் உருண்டையாகத் திரண்டு, மரக்கரண்டியோடு மொத்தமாக எழுந்து வந்தது. ரொட்டித் துண்டுகளைக் குத்திய முள்கரண்டிகளுடன் மூவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

சட்டியை உடனே இறக்கிவைத்து, எரியும் கட்டைகளை ஓரம் தள்ளி, தணலை மட்டும் மெல்லிய படுக்கையாகப் பரப்பினேன். இரண்டு தேக்கரண்டி சோளமாவைச் சிறிது ஒயினில் கரைத்து, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சட்டியில் ஊற்றி, தணலின் மேல் வைத்து, 8 என்ற எண்ணின் வடிவில் விடாமல் கிண்டினேன். சீஸின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் கால்சியத்தை எலுமிச்சையின் அமிலம் பற்றிக்கொள்வதால் அந்தப் பிணைப்பு தளர்கிறது. கொழுப்பு மீண்டும் பிரியாமல் மாவு தடுக்கிறது. பத்து நிமிடத்தில் குழம்பு பளபளத்து, கரண்டியிலிருந்து நாடாவாக வழிந்தது.

இப்போதெல்லாம் மாவை முதலிலேயே துருவலில் பிசிறிவிடுகிறேன். க்ரூயேர் உருகிய பின்னரே வாஷ்ரானைச் சேர்க்கிறேன். அதற்குக் குறைந்த சூடே போதும். அன்று அடியில் பிடித்த பொன்னிறக் காந்தலுக்குத்தான் (எங்கள் வீட்டுப் பால்கோவாச் சட்டியைப் போலவே) நால்வருக்குள்ளும் பெரும் போட்டி.