முடிச்சுப் போட்டு அளவு வைக்கிற உடை: எந்த உடலுக்கும் கடற்கொள்ளையர் வேடம்

நாடகத்துக்கும் வேடமிட்டுக் கூடும் விழாக்களுக்கும் உடை தைப்பது என் தொழில். கடற்கொள்ளையர் உடை கேட்டு வருகிறவர்களில் பலர், துணியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தங்கள் உடம்பைப் பற்றி மன்னிப்புக் கேட்பார்கள். "கொஞ்சம் எடை குறைச்சுட்டு வரேன்க்கா, அப்புறம் அளவு எடுங்க" என்பார் ஒருவர். "என் மேல எதைப் போட்டாலும் தொங்கும்" என்பார் இன்னொருவர். இரண்டு பேரிடமும் நான் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு, இன்றைக்கே அளவு எடுத்துவிடலாம் என்பேன். நானும் பருத்த உடம்புக்காரிதான். தைக்கிற வேடங்களிலேயே இது எனக்கு மிகவும் பிடித்துப்போனதற்குக் காரணம் இதன் வெட்டு.

1700-களின் தொடக்கத்தில் மாலுமிகள் போட்ட சட்டையைப் பிரித்துப் போட்டால் எல்லாமே நீள்சதுரமும் சதுரமுமாகத்தான் இருக்கும். இடுப்புக்கு வளைவு கிடையாது, மார்புக்குப் பிடிப்பு கிடையாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் சுருக்கு வைத்து, அகலத்தை உள்ளே இழுத்திருப்பார்கள். அக்காலக் கால்சட்டைகளுக்குப் பின்னிடுப்பில் ஒரு பிளவும் கயிறும் இருக்கும், தளர்த்தலாம், இறுக்கலாம். வெயிஸ்ட்கோட்டின் முதுகிலும் பல சமயம் நாடா இருக்கும். எஸ், எம், எல் என்று எழுதிய சீட்டு இல்லாத உடை இது. போடுகிறவர் தானே முடிச்சுப் போட்டு அளவை வைத்துக்கொள்வார்.

"உங்களைப் பார்த்தால் கொள்ளையர் மாதிரி இல்லையே" என்று யாராவது சொன்னால், ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். அகலமான இடுப்புக் கச்சை, காதுவளையம் என்று இன்று நம் மனதில் இருக்கும் தோற்றத்தின் பெரும்பகுதி ஹோவர்ட் பைல் (1853–1911) என்ற அமெரிக்க ஓவியரின் தூரிகையில் உருவானது. நிஜக் கொள்ளையர்கள் கையில் கிடைத்ததைப் போட்டார்கள். ஜாக் ராக்கம் என்ற கொள்ளையர் போட்டது காலிகோ என்ற பருத்தித் துணி. 'காலிகோ ஜாக்' என்ற பட்டப்பெயரே அதனால் வந்தது. 1722-ல் தன் கடைசிச் சண்டைக்கு பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்ற கொள்ளையர் தலைவர் கருஞ்சிவப்பு டமாஸ்க் (நெசவிலேயே பூவேலை செய்த துணி) உடையும் சிவப்பு இறகுத் தொப்பியும் தங்கச் சங்கிலியுமாக நின்றதாகச் சொல்லப்படுகிறது. கருந்தாடி என்று பெயர் எடுத்த எட்வர்ட் டீச், தாடியைப் பின்னி ரிப்பன் கட்டிக்கொண்டவர். பெரிதாக, பயங்கரமாகத் தெரிவதற்காக மெனக்கெட்ட ஆட்கள் இவர்கள். அவர்கள் உடையைப் போட்டுக்கொண்டு "ஒல்லியாகக் காட்டுகிறதா?" என்று கேட்கத் தேவையே இல்லை. குறுக்குக் கோடு போட்ட துணி பிடித்திருந்தால் அதையே எடுங்கள். உடம்பு பெரிதாக இருந்தால் கறுப்பைத்தான் போட வேண்டும் என்ற அறிவுரையை நான் என் தையல் அறைக்குள் விடுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1720-ல் ஜமைக்காவில் ஆன் பானி, மேரி ரீட் என்ற பெண் கொள்ளையர் இருவரையும் நீதிமன்றத்தில் விசாரித்தபோது, டோரதி தாமஸ் என்ற பெண் சாட்சி சொன்னார். இருவரும் ஆண்களின் ஜாக்கெட்டும் நீளக் கால்சட்டையும் போட்டு, தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள் என்றார். மார்பின் பருமனை வைத்துத்தான் பெண்கள் என்று தெரிந்துகொண்டதாகவும் சொன்னார். கப்பலில் அவர்கள் மார்பை இறுக்கி மறைத்துக்கொண்டிருக்கவில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். உடம்பு உடைக்குள் அதன் போக்கில் இருந்திருக்கிறது. கார்செட் (கயிறு கட்டி உடம்பை இறுக்கும் உடை) போட்டால்தான் பெண் கொள்ளையர் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தச் சாட்சியத்தை நான் தவறாமல் சொல்வேன். ஆசைப்பட்டால் கார்செட் போடுங்கள், சட்டைக்கு மேலே, முழு மூச்சு உள்ளே போகும் அளவுக்குக் கயிற்றைத் தளர்த்தி. ஆசை இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

சரி, சட்டைக்கு வருவோம். நேரத்தை இதில் போடுங்கள், மற்றதெல்லாம் இதன் மேல்தான் உட்காரும். மார்பு, வயிறு, இடுப்பு மூன்றையும் அளந்து, எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை விட்டபடி அளக்க வேண்டும். அதோடு 50 செ.மீ. கூட்டுங்கள், மிக மெல்லிய உடம்பென்றால் 35 போதும். உதாரணத்துக்கு, 130 செ.மீ. சுற்றளவுள்ளவருக்கு 180 வரும். அதைப் பாதியாக்கினால் முன்பக்கம் 90, பின்பக்கம் 90. தையலுக்கு விடும் ஓரம் தனி. நீளம், தோளிலிருந்து நடுத்தொடை வரை. வயிறு முன்னே வந்திருந்தால் முன்பக்கத்துக்கு மட்டும் நாலைந்து செ.மீ. கூடுதலாக விடுங்கள், இல்லையென்றால் முன் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

கையில்தான் பலருக்குக் கணக்கு குழம்பும். உடல் துணி அகலமாக இருப்பதால் தோள் தையல் தோளில் நிற்காது, மேற்கையில் இறங்கி உட்காரும். அதனால் தோளிலிருந்து கை நீளத்தை அளக்காதீர்கள். பின்கழுத்தின் நடுவிலிருந்து, முழங்கையைச் சற்று மடக்கி, மணிக்கட்டு வரை அளவு எடுங்கள். அது 85 என்றால், உடல் துணியின் பாதி அகலமான 45-ஐக் கழித்து, மீதி 40-உடன் உப்பி விழுவதற்கு 7 கூட்டுங்கள். 47 செ.மீ. கை நீளம். கையின் அகலம், மேற்கைச் சுற்றளவோடு 25.

அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைக்க மறக்கவே மறக்காதீர்கள். பக்கத்துக்கு 15 செ.மீ., கை பருமனாக இருந்தால் 20. கையைத் தூக்கும்போது சட்டை முழுக்க மேலே ஏறாமல் தடுப்பது இந்தத் துண்டுதான். ரெடிமேட் சட்டையில் கை இறுக்கிப் பிடிக்கிறதென்றால், அக்குள் தையலைப் பிரித்து இதே சதுரத்தை அதிலும் வைக்கலாம். நிறம் கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை, ஒட்டுப்போட்ட சட்டை இந்த வேடத்துக்கு அழகுதான். கழுத்துப் பட்டை, கழுத்தளவை விட 4 செ.மீ. அதிகம். முன்னால் 25 செ.மீ. பிளவு, அதற்கு நாடா. துணி மெல்லிய பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டரில் இத்தனை சுருக்கு வைத்தால் வேர்த்து ஊற்றும்.

மெல்லிய உடம்புக்காரர்களுக்குக் கூட்டும் அளவைக் குறைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. துணி அளவுக்கு மீறினால் தோள் தையல் முழங்கை வரை இறங்கிவிடும். உடம்பை நிரப்பிக் காட்ட பஞ்சு வைக்க வேண்டாம். வெயிஸ்ட்கோட்டின் முதுகு நாடாவை இழுத்துக் கட்டினால், சட்டையின் உப்பல் கைகளில் மட்டும் நிற்கும். எலும்பு தெரியும் மணிக்கட்டுக்கு அகலமான பட்டை வைத்தால் அவ்வளவு எடுப்பாக இருக்கும்!

அடுத்தது கச்சை. உடம்பின் எந்த இடத்தில் கட்டுகிறோம் என்பதுதான் இதில் முக்கியம். வயிறு மிக அகலமாக இருக்கும் இடத்தில் கட்டினால் எந்தத் துணியும் நிற்காது. மேலேயோ கீழேயோ நழுவும். அதனால் மார்புக்குக் கீழே உயர்த்திக் கட்டுங்கள், அல்லது வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் கட்டுங்கள். ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் இறங்கும் சாய்வுக் கட்டும் உண்டு, உருண்ட வயிற்றில் எனக்குப் பிடித்தது அதுதான். கட்டப்போகும் இடத்தின் சுற்றளவோடு 120 செ.மீ. கூட்டினால் ஒரு சுற்றுக்கும் தொங்கலுக்கும் சரியாக இருக்கும். அகலம் 45 செ.மீ., மூன்றாக மடித்துக்கொள்ளுங்கள். சாட்டின் வழுக்கும், வேண்டாம்.

பெல்ட்டைக் கச்சைக்கு மேலேதான் போட வேண்டும். அகலமான தோல் பெல்ட் நிற்கும்போது கம்பீரமாக இருக்கும், உட்கார்ந்ததும் வயிற்றில் குத்தும். 4 செ.மீ. அகலத்தில் இரண்டு பெல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. நீளம் பற்றவில்லை என்றால், முனைகளில் ஓட்டை போட்டுத் தோல் கயிற்றால் கோத்துவிடுங்கள். இந்த உடைக்கு அதுவும் ஓர் அலங்காரம்.

கோட்டுக்குப் பொத்தான் போடும் அளவு தேவையில்லை, திறந்தே இருக்கலாம். தோளும் மேற்கையும் மட்டும் பொருந்தினால் போதும். நீளம் முழங்கால் வரை. குள்ளமானவர்களுக்கு முழங்காலுக்கு ஒரு கையகலம் மேலே. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குப் பின்பக்கத்தை இருக்கையின் உயரத்தோடு நிறுத்தி, முன் இரண்டு மடிப்பையும் நீளமாக விட்டால் சக்கரத்தில் சிக்காது, தோற்றமும் குறையாது. கச்சை முடிச்சும் முன்னால் வரட்டும்.

தொடைகள் உரசுகிறவர்கள் உள்ளே நீளமான காட்டன் ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பூட்ஸ் கெண்டைக்காலில் ஏறவில்லையா? அதைத் தேடி அலைய வேண்டாம். கப்பலில் பலர் வெறுங்காலோடுதான் வேலை செய்தார்கள், கரையில் பக்கிள் வைத்த ஷூ போட்டார்கள். சாதாரண ஷூவின் மேல், பின்னால் கயிறு கட்டும் துணி உறை ஒன்று தைத்துப் போட்டாலும் பூட்ஸ் போலவே தெரியும். கண்பட்டை போட்டால் படியில் ஆழம் தெரியாது. நடக்கும்போது நெற்றிக்கு ஏற்றிவிடுங்கள்.

அளவு எடுக்கும்போது கூட இருப்பவர் எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். "அப்பாடா, இவ்வளவா!" என்ற பேச்சு கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுப் பெரியவராக இருந்தாலும் சரி. என்னிடம் வந்த ஒரு பெண் பல வருடமாக யாரையும் தன்னை அளக்க விடாமல் இருந்தவர். காரணம், சின்ன வயதில் ஒரு தையல்காரர் அளவைச் சத்தமாகச் சொல்லிச் சிரித்தது. உடை முடிந்ததும் கண்ணாடி முன் அசையாமல் நின்று குறை தேடாதீர்கள். முதலில் குனியுங்கள், தரையில் உட்கார்ந்து எழுந்திருங்கள், இரண்டு கையையும் மேலே தூக்குங்கள், படி ஏறி இறங்குங்கள். எங்கே இழுக்கிறதோ அங்கே சாக்பீஸால் குறி வைத்து, அந்தத் தையலைத் தளர்த்துங்கள். கண்ணாடியை அதற்கப்புறம் பாருங்கள், கால்களை அகட்டி வைத்து, கையைப் பெல்ட்டில் செருகிக்கொண்டு.

வெளியே போகும் நாளில் பையில் நாலு ஊக்கு, ஊசி நூல், ஒரு மாற்று நாடா இருக்கட்டும். எடுத்த அளவுத் தாளில் தேதி போட்டு வையுங்கள். அடுத்த உடைக்கு அதையே பார்த்து வெட்டாமல், அன்றைய உடம்புக்குப் புதிதாக அளவு எடுங்கள்.