பழையபேட்டை ஓட்டு வீடு: வாங்கலாமா, வேண்டாமா?

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு சின்ன ஓட்டு வீடு, எங்கள் கைக்கு அடங்கும் விலையில் வந்தது. ஓடுகள் உடைந்திருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மாற்றிவிடலாம். ஓடுகளைத் தாங்கும் சாய்வு மரமான கைமரம்தான் கவலை. ஆசாரி ஏணியில் ஏறி, சுவருக்குள் செருகியிருந்த முனைகளை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார். நடுவில் ‘டங்’கென்று நின்ற மரம், மேற்குச் சுவர் ஓரம் மாவாக உதிர்ந்தது. கறையான்!

“கூரை முழுக்கப் பிரிக்க வேண்டாம்ணா, இந்தப் பக்கம் நாலு மரம் மாத்தினாப் போதும்” என்றார். அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொன்னேன். வீட்டுக்காரம்மா முணுமுணுத்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டார்.

அப்புறம் பத்திரம். பட்டா, பல பேர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாவாக இருந்தது. சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், ஆனால் பதிவாகாத பங்காளிச் சண்டை அதில் தெரியாதே! மற்ற பங்குதாரர்களும் கையெழுத்துப் போட்ட பிறகே முன்பணம் கொடுத்தேன்.

போர் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்தேன். நம் பக்கம் பல இடங்களில் ஃப்ளோரைடு தொல்லை உண்டு, கொதிக்கவைத்தாலும் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. எங்கள் தண்ணீர் அதைத் தாண்டியிருந்தது. சரி, குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர், மற்றதற்கெல்லாம் போர் என்று முடிவு செய்து வாங்கிவிட்டோம்.