பூனைக்கு இன்சுலின் தேவை குறையும்போது

நாய்க்குச் சர்க்கரை நோய் வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க ஊசிதான். பூனை அப்படியில்லை. நன்றாகக் கவனித்தால் சில பூனைகளின் கணையம் மறுபடி வேலை செய்யத் தொடங்கும். நல்ல செய்திதான், ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. நேற்றுவரை சரியாக இருந்த இன்சுலின் அளவு இன்று அதிகமாகிவிடலாம்.

அதனால் ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாருங்கள். வெதுவெதுப்பான துணியைக் காதில் சற்று வைத்தால் ரத்தம் எளிதாக வரும். (முதலில் முறைக்கும், அப்புறம் பழகிவிடும்.) சர்க்கரை 150 mg/dL-க்குக் கீழே காட்டினால் ஊசி போடும் முன் மருத்துவரைக் கேளுங்கள். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டும். எந்த மீட்டர் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். உலர் தீவனத்தை விட்டு மாவுச்சத்து குறைந்த ஈர உணவுக்கு மாற்றும் நாட்களில் சர்க்கரை சட்டென்று இறங்கும். உணவை மாற்றும் முன்பே அவரிடம் பேசிவிடுங்கள்.

சர்க்கரை மிகவும் இறங்கிப் பூனை தள்ளாடினால், துவண்டு விழுந்தால் ஈறில் கொஞ்சம் தேன் தடவி உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வலிப்பு வந்திருந்தால் கடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசியே இல்லாமல் 4 வாரம் சர்க்கரை சீராக நின்றால் நோய் தணிந்தது என்பார்கள். சரி, அதோடு மீட்டரை மூட்டைகட்டி வைக்க வேண்டாம். வாரம் ஒருமுறை பாருங்கள். தண்ணீர்க் கிண்ணம் வேகமாகக் காலியானாலோ, மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதானாலோ அன்றே பாருங்கள். வேறு நோய்க்கு ஸ்டீராய்டு எழுதினால் பழைய கதையை மருத்துவருக்கு நினைவூட்டுங்கள்.