கண் தாவும் நேரத்தை போன் கேமராவில் அளப்பது எப்படி?

கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. தாவுகிற அந்த நொடித்துளியில் மூளை பார்வையை அடக்கிவிடுகிறது. ஆனால் கேமராவுக்குத் தெரியும். ஒரு போன், அளவு நாடா, உட்கார ஒரு நண்பர் இருந்தால் போதும்.

முதலில் சுவர். மேசையைச் சுவரோரம் போட்டு, நண்பரின் கண் சுவரிலிருந்து 57 செ.மீ. தள்ளி இருக்கும்படி உட்கார வையுங்கள். அந்தத் தூரத்தில் சுவரின் 1 செ.மீ., கண் திரும்பும் கோணத்தில் ஏறக்குறைய 1 டிகிரி. தனியாகக் கணக்குப் போட வேண்டாம். கண் மட்டத்தில் நடுவே ஒரு புள்ளி, இருபுறமும் 10 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று.

அடுத்து தலை. இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 10 டிகிரி தாவினால் கருவிழி நகர்வது சுமார் 2 மி.மீ. மட்டுமே. தலை 1 மி.மீ. ஆடினாலும் அளவு கெட்டுவிடும். புத்தகங்களை அடுக்கி அதன்மேல் தாடையை வைக்கச் சொல்லுங்கள். புருவ மத்தியில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். வீடியோவில் பொட்டு நகர்ந்திருந்தால் தலை ஆடியிருக்கிறது. அந்தப் பதிவு வேண்டாம்.

போனைப் பார்வைக்குக் கீழே, புள்ளிகளை மறைக்காமல், ஆடாத ஸ்டாண்டில் வையுங்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடலாம். ஜன்னல் வெளிச்சம் போதும். பிளாஷ் வேண்டாம், சில விளக்குகள் ஸ்லோமோஷன் வீடியோவில் மினுக்கும். ஸ்லோமோஷனில் நொடிக்கு 240 பிரேமை, அதாவது 240 படத்தைத் தேர்ந்தெடுங்கள். 10 டிகிரித் தாவல் சுமார் 50 மில்லிநொடியில் முடிந்துவிடும். சாதாரண 30 பிரேம் வீடியோவில் அது ஒன்றிரண்டு படத்தோடு போய்விடும். 240இல் பன்னிரண்டு படம் வரை கிடைக்கும்.

இப்போது "இடது", "நடு", "வலது" என்று ஒழுங்கில்லாத இடைவெளியில் சொல்லுங்கள். முன்கூட்டியே ஊகித்தால் கண் சொல்லுக்கு முன்பே ஓடிவிடும். ஒவ்வொரு தாவலும் பத்து முறையாவது வரட்டும்.

அப்புறம் கணினியில் வீடியோவைப் பிரேம் பிரேமாக நகர்த்துங்கள். கினோவியா என்ற இலவச மென்பொருள் இதற்கு நல்லது. கருவிழி அசையத் தொடங்கும் பிரேமிலிருந்து நிற்கும் பிரேம் வரை எண்ணி 4.2ஆல் பெருக்கினால் மில்லிநொடி வந்துவிடும். பிளேயர் காட்டும் நேரத்தை எடுக்காதீர்கள், ஸ்லோமோஷன் கோப்பில் அது இழுத்து நீட்டப்பட்டிருக்கலாம். இமைத்த இடங்களை விட்டுவிடுங்கள்.

இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்குத் தாவும் 20 டிகிரியையும் எண்ணிப் பாருங்கள். தூரம் இரண்டு மடங்கு, நேரம் இரண்டு மடங்கு ஆகாது. தாவல் பெரிதானால் கண் வேகமும் கூடுகிறது. எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இது நோய் கண்டறியும் சோதனை இல்லை என்பதை மட்டும் நண்பரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் விரலைச் சுவரோரமாக மெதுவாக நகர்த்தி, நண்பரைப் பின்தொடரச் சொல்லுங்கள். கண் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு விரலை எடுத்துவிட்டு, வெறும் சுவரில் அதே மாதிரி வழுக்கிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். வழுக்கியதாகத்தான் அவர் சொல்வார். வீடியோவில் வரிசையாகத் தாவல்கள் இருக்கும்.