வால் மேலே கிழித்த அம்பு – என் அனுபவம்
பினாங்கில் தம்பி காம்பவுண்ட் வில் (முனைகளில் உருளைகள் உள்ள வில்) பழகுகிறான்: 40 பவுண்டு இழுவிசை, 28 அங்குல இழுப்பு, 500 ஸ்பைன் (தண்டு வளையும் அளவைக் காட்டும் எண்) கார்பன் அம்பு. அம்பு நேராகப் பறக்கிறதா என்று பார்க்கத் திடலில் காகிதம் கட்டி அதன் ஊடே எய்தால், அம்பின் வால் எப்போதும் மேல்பக்கமே கிழித்தது. நாக் பாயிண்டை (நாணில் அம்பை மாட்டும் இடம்) இறக்கினோம், ரெஸ்டை (அம்பைத் தாங்கும் பாகம்) ஏற்றினோம். கிழிசல் அசையவில்லை. எண் குறையக் குறைய தண்டு விறைப்பாகும் என்பதால் 400 ஸ்பைனும் கடன் வாங்கிப் பார்த்தோம். வீண். புதிதாகப் பழகுபவருக்கு அம்பு மாற்றுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

இறகில்லாத அம்பு மட்டும் சுத்தமாகத் துளைத்தது! அப்படியென்றால் இறகு எங்கோ உரசுகிறது. இறகில் பவுடர் தூவி எய்ததும் ரெஸ்டில் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த ரெஸ்ட், லிம்போடு (வில்லின் வளையும் கை) கயிறு கட்டிய ரகம். எய்ததும் கயிறு இறுகி ரெஸ்டைக் கீழே இழுக்க வேண்டும். முடிச்சு வழுக்கிக் கயிறு தளர்ந்ததால் ரெஸ்ட் தாமதமாக விழுந்திருக்கிறது. வில் சும்மா இருக்கும்போதே ரெஸ்ட் முழுதாகப் படியாமல் சற்றுத் தூக்கி நின்றதுதான் அடையாளம். கயிற்றை இறுக்கினோம், கிழிசல் ஒரே துளையானது. அப்பாடா! முடிச்சருகே பேனாவால் கோடு போட்டிருக்கிறோம், மறுபடி வழுக்கினால் தெரியும்.