பூடிக்காவைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கி.பி. 60–61இல் பிரித்தானியாவில் ரோமானிய ஆட்சியை எதிர்த்தெழுந்த, ஐசீனி என்னும் பழங்குடியின் அரசி பூடிக்காவைப் பற்றிப் புதிதாக எழுதுவோரின் கட்டுரைகளைப் படிக்கையில், தொடக்கத்தில் நான் செய்த தவறுகளே மீண்டும் மீண்டும் கண்ணில் படுகின்றன. ஆண்டையும் ஊர்ப்பெயரையும் மாற்றி எழுதும் பிழைகளை எவரும் திருத்திவிடலாம் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அரசியின் போர்முழக்கத்தை அவர் சொற்களாகவே காட்டுதல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுவே. மகள்களுடன் தேரில் நின்று அவர் பேசியதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதும் உரை சுருக்கமானது. தம் உடலில் பட்ட கசையடியையும் மகள்களுக்கு நேர்ந்த கொடுமையையும் முன்வைப்பது. பிற்கால ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ தரும் உரையோ நீண்டது. வரிச்சுமையையும் அடிமை வாழ்வையும் பேசுவது. டாசிட்டஸ் எழுதியது ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து. டியோ எழுதியது ஒன்றரை நூற்றாண்டுக்கும் பின்னர், அதுவும் நமக்குக் கிடைப்பது 11ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத் துறவி சிஃபிலினஸ் செய்த சுருக்கமாக மட்டுமே. டாசிட்டஸின் மாமனார் அக்ரிகோலா அப்போது பிரித்தானியாவில் பணியாற்றியவர் என்றாலும், அவர் நின்றது ரோமானியர் பக்கத்தில். தலைவர்களின் வாயில் உரைகளை அமைத்துத் தருவது அக்கால வரலாற்றாசிரியர்களின் மரபு.

இளம் எழுத்தாளர் ஒருவர் டியோவின் உரையிலிருந்து பூடிக்காவின் "அரசியல் கொள்கை"யை வரையறுத்து நீண்ட கட்டுரை எழுதிவந்தார். அந்த மேற்கோள்களை நீக்கியதும் வாதத்தில் எதுவுமே எஞ்சவில்லை. பல மாத உழைப்பு வீணாயிற்று. "டியோவின் பூடிக்கா இவ்வாறு பேசுகிறார்" என்று தொடங்கியிருந்தால், ரோமானிய ஆட்சியின் குறைகளை ரோமானிய உலகத்தினரே எப்படிக் கண்டனர் என்னும் அரிய கேள்வி அவர் கைக்குக் கிட்டியிருக்கும்.

காரணத்தைத் தனிப்பட்ட பழியாகச் சுருக்குதல்

கணவர் பிரசுடாகஸ் தம் மகள்களையும் ரோமானியப் பேரரசர் நீரோவையும் வாரிசுகளாக்கியும் அவரது அரசு ரோமானியரால் சூறையாடப்பட்டது உண்மையே. ஆனால் அண்டைப் பழங்குடியினரான டிரினோவான்டிகள் கிளர்ச்சியில் சேர்ந்தது, கமுலோடூனத்தில் (இன்றைய கோல்செஸ்டர்) குடியேறிய முன்னாள் ரோமானியப் படைவீரர்கள் அவர்களின் நிலங்களைப் பறித்ததாலும், அங்கிருந்த பேரரசர் கிளாடியஸின் கோயிலுக்கான செலவுச் சுமையாலும். கடன்களைத் திடீரெனத் திரும்பக் கேட்டதையும் டியோ காரணமாகக் கூறுகிறார்.

எண்களை அப்படியே நம்புதல்

இறுதிப் போரில் பிரித்தானியர் 80,000 பேர், ரோமானியர் சுமார் 400 பேர் மடிந்தனர் என்பது வென்றவர் தரப்புக் கணக்கு. கோல்செஸ்டரிலும் லண்டனிலும் கிடைத்த எரிந்த மண்ணடுக்கு அழிவை உறுதிசெய்கிறதே தவிர, இந்த எண்ணை அன்று.

தேர்ச் சக்கரத்தில் அரிவாள்

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள பூடிக்கா சிலையில் உண்டு, அகழாய்வில் இல்லை.

மரணம்

டாசிட்டஸ் நஞ்சு என்கிறார், டியோ நோய் என்கிறார், இரண்டையும் எழுதுங்கள்.