ஏர் கன் காற்று கைக்குள் ஏறிவிட்டால் என்ன செய்வது?

திருப்பூர் பனியன் கம்பெனியோ கோவை லேத் பட்டறையோ, ஷிப்ட் முடிந்ததும் ஏர் கன்னை எடுத்து சட்டையிலும் கையிலும் ஒட்டின பஞ்சையும் தூசியையும் ஊதிவிட்டுத்தான் பலர் வீட்டுக்குக் கிளம்புவார்கள். விரலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், காற்று தோலுக்கடியில் புகுந்து மணிக்கட்டு, முழங்கை வரைக்கும்கூட ஏறிவிடும்.

முதலில் தொட்டுப் பாருங்கள். வீங்கின இடத்தை விரல் நுனியால் மெதுவாக அழுத்தினால் நொறுநொறுவென்று உள்ளே ஏதோ நகரும். நீர் வீக்கத்தில் குழிதான் விழும், இந்த நொறுக்கு இருக்காது. எக்ஸ்ரே எடுத்தால் காற்று கறுப்புக் கோடுகளாகத் தெரிந்துவிடும்.

அடுத்து, காற்று எங்கிருந்து வந்தது? எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஏர் கன் பட்ட உடனே உப்பியிருந்து, வலி அதிகம் இல்லை, காய்ச்சல் இல்லை என்றால் வெளிக்காற்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். முழங்கை, முட்டிப் பக்கம் ஆணி குத்தின ஓட்டைகூட, மடக்கி நீட்டும்போதெல்லாம் காற்றை உள்ளே இழுக்கும். புண்ணில் ஊற்றினால் நுரைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடும் இதைச் செய்யும், அதனால் என்ன போட்டுக் கழுவினோம் என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் காயம்பட்டுச் சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து, காயத்துக்குப் பொருந்தாத கடுமையான வலி வந்து, அப்புறம் நொறுக்கு தொடங்கினால் அது வேறு கதை. கிருமி உள்ளேயே வாயுவை உண்டாக்குகிறது, கேஸ் கேங்ரீன் என்பது அதுதான். காய்ச்சல், படபடப்பு, தோல் செம்பு நிறமாகிக் கறுப்பது, கொப்புளம், நாற்றமெடுக்கும் நீர், இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்.

வீக்கம் முடியும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் எழுதிவையுங்கள். நான் ரொம்ப நம்புவது இந்த மலிவான வேலையைத்தான். கோட்டைத் தாண்டி வேகமாகப் போகிறதா என்று டாக்டரால் ஒரே பார்வையில் சொல்ல முடியும். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் உடனே கழற்றிவிடுங்கள்.

வெறும் காற்றுதான் என்று டாக்டர் உறுதி செய்துவிட்டால் சிகிச்சை பெரிதாக ஒன்றும் இல்லை. புண்ணைச் சுத்தம் செய்து, டிடி ஊசி, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக், கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து ஓய்வு. சில நாளில் உடம்பே காற்றை உறிஞ்சிக்கொள்ளும். ஊசியால் குத்தி வெளியேற்றுவது, அமுக்கித் தள்ளுவது, எண்ணெய் போட்டு உருவிவிடுவது, எதுவும் கூடாதுங்க. விரல் மரத்துப் போனாலோ, விரலை நீட்டும்போது உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, வீக்கம் கழுத்து, நெஞ்சுப் பக்கம் ஏறினாலோ காத்திருக்காமல் திரும்ப ஓடுங்கள்.

ஒன்று மட்டும் தனி. உள்ளே போனது காற்றில்லாமல் பெயின்டோ கிரீஸோ ஹைட்ராலிக் ஆயிலோ என்றால், ஓட்டை ஊசி முனை அளவே இருந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், அன்றைக்கே ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தாமதித்தால் விரலையே எடுக்க நேரலாம்.